பரவைக்கடலில் கோல் தாங்கி: பண்டத்தரிப்பை அண்டிய கரைகளில் தூண்டில் மீன்பிடி

கோல் ஊன்றி வள்ளம் செலுத்தக்கூடிய, அலை ஓய்ந்த, ஆழங்குறைந்த கடலை யாழ்ப்பாணத்தில் பரவைக்கடல் என்பார்கள். முழங்காலளவிலிருந்து ஓராள் உயரம்வரை தண்ணீர் நிற்கும். அடியில் மணல், சேறு, சாதாளை என்னும் கடற்புல் மாறிமாறி வரும். ஆழ்கடலில் கயிற்றை இறக்கிவிட்டுக் காத்திருப்பதுபோல இங்கே காத்திருந்தால் பொழுதுதான் போகும். பெருக்கோடு மீன் திட்டுகளில் மேய ஏறுகிறது. வற்றோடு வாய்க்கால்களுக்கு இறங்கிவிடுகிறது. எந்த வேளையில் எந்தத் திட்டில் ஏறும், எந்த வாயால் இறங்கும் என்பதை அந்தக் கடலிலேயே வளர்ந்த வள்ளக்காரர் அறிவார். வெளியிலிருந்து வருபவர் நல்ல தூண்டில்கோலோடு வந்தாலும் வள்ளக்காரர் இல்லாமல் பாதிக் கடலைக்கூடக் காணமாட்டார். அதனால் இந்த அத்தியாயத்தில் வள்ளக்காரரோடு செல்லும் மீன்பிடிக்கே முதலிடம். கருவிகள் அதற்குப் பின்னால் வருகின்றன.

இடம்

பண்டத்தரிப்புச் சந்தியில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் அங்கிருந்து சில கிலோமீற்றரில் இருவேறு கடல்களை அடையலாம். வடக்கே மாதகல், பாக்கு நீரிணையைப் பார்த்த கரை. சுண்ணாம்புக்கல் பாரும் மணலும் கலந்த அடி, தெளிந்த நீர், கரையிலிருந்து போகப்போக ஆழம் கூடும். மேற்கே சுழிபுரம் தாண்டினால் திருவடிநிலை, அதற்கப்பால் பொன்னாலை. பொன்னாலையிலிருந்து காரைநகருக்குச் செல்லும் தாம்போதியை ஊரவர் பொன்னாலைப் பாலம் என்பார்கள். அதன் இருபுறமும் விரிந்து கிடப்பதுதான் அசல் பரவைக்கடல். பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலின் தலக்கதைகூட ஒரு மீனவர் வலையில் அகப்பட்ட ஆமையிலிருந்துதான் தொடங்குகிறது. தெற்கே சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாகப் போனால் அராலி. அங்கே சேற்றுத்தரை அகன்றது, நீர் கலங்கலானது, கரையோரம் ஆங்காங்கே கண்டல் நிற்கிறது.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பெரும்பகுதி இரண்டு மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. தீவுகளையும் குடாநாட்டையும் இணைக்கும் தாம்போதிகள் நீரோட்டத்தை மறித்து, பாலக் கண்களுக்குள்ளும் மதகுகளுக்குள்ளும் ஒடுக்கிவிட்டன. மறிபட்ட பக்கங்களில் சேறு படிந்து கடல் மேலும் ஆழங்குறைகிறது. இது கடலுக்கு நேர்ந்த கேடு என்பதில் ஐயமில்லை. தூண்டிற்காரருக்கு இதிலிருந்து தெரியவேண்டியது ஒன்றுதான்: நீர் எங்கே ஒடுங்கி ஓடுகிறதோ அங்கே சிறுமீனும் இறாலும் அடித்துவரப்படும், அவற்றைத் தின்னும் மீன் மதகு வாயின் நிழலில் ஓட்டத்துக்கு எதிராகத் தலைவைத்து நிற்கும்.

அராலிப் பக்கத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. குடாநாட்டின் ஒரே ஆறு என்று சொல்லப்படும் வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அங்கேதான் கடல்நீரேரியில் விழுகிறது. கார்த்திகை, மார்கழியில் ஆற்று வாயிலுள்ள அணையைத் தாண்டி நன்னீர் பாயத் தொடங்கியதும் இறாலும் மணலைக் குஞ்சும் அந்த வாயில் திரளும். அவற்றின் பின்னால் கொடுவா வரும்.

மீன்

ஆழங்குறைந்த கடலில் வழிகாட்டியோடு தூண்டில் போடும் முறை உலகில் பெயர்பெற்றது அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாக் கரைகளில், அங்கு ‘ரெட்பிஷ்’ எனப்படும் செந்நிற மீனுக்காக. நம்மூர்க் கத்தாளை, பன்னா வகைகளின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மீன் வாலடியில் ஒரு கரும்பொட்டோடு இருக்கும். தலைகீழாக நண்டு மேயும்போது வால் நீருக்கு மேலே தெரியும். வழிகாட்டி வள்ளத்தின் பின்தட்டில் நின்று கோல் தாங்குவார். தூண்டிற்காரர் முன்னால் நின்று, கண்ட மீனுக்கே எறிவார். 1980களில் போல் புருதோம் என்ற நியூ ஓர்லியன்ஸ் சமையற்கலைஞர் மசாலா பூசிக் கருக்கிய ரெட்பிஷ் உணவைப் பரப்பினார். கேட்டவர் தொகை பெருக, மீன் அருகியது. மத்திய அரசுக்குரிய கடலில் அதைப் பிடிப்பதே தடைசெய்யப்பட்டது. 2007இல் ஜனாதிபதி ஆணையொன்று அங்கு பிடித்ததை விற்பதையும் தடுத்தது. புளோரிடாவில் இன்றும் 18 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 27 அங்குலத்துக்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும். சிறியது வளரவும் பெரியது முட்டையிடவும் இந்த விதி இடம்விடுகிறது. பரவைக்கடலுக்கும் பொருந்தும் நல்ல விதி இது.

அந்த மீன் இலங்கைக் கரையில் இல்லை. அதன் இடத்தில் இங்கே நிற்பது செப்பலி. செம்பு நிற உடல், வலிய தாடை, கோரைப் பற்கள். குஞ்சாக இருக்கையில் உடலில் வெளிறிய குறுக்குப் பட்டைகளும் கன்னத்தில் நீலக் கோடும் தெரியும். இளமையைக் கண்டல் வேர்களுக்கும் கற்குவியல்களுக்கும் இடையில் கழித்துவிட்டு, பெருத்தபின் வெளியே பார்களுக்குப் போய்விடும். ஆகவே பரவைக்கடலில் கிடைக்கும் செப்பலி பெரும்பாலும் இளமீன். இரவில் இரைதேடும் இயல்பால் விடியலிலும் அந்தியிலும் இரை எடுக்கும். எடுத்த கணமே வேருக்குள் பாயும். முதல் இரண்டு நொடியில் தடுக்காவிட்டால் தங்கூசி அறுந்த மாதிரித்தான்.

கொடுவா வேறு குணம். மதகு வாயிலும் வாய்க்கால் முனையிலும் அசையாமல் நின்று, வரும் இரையை வாய்திறந்து உறிஞ்சும். அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோன்றது. விரலையும் அறுக்கும், தங்கூசியையும் அறுக்கும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெரிதாகும்போது பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவாவைக் கொல்வது முட்டையிடும் தாயைக் கொல்வதாகும். 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதை நீரிலேயே விடுவிப்பது நல்ல வழக்கம்.

சாதாளைத் திட்டுகளில் விளைமீன், ஒட்டி, ஓரா; மணல் திறந்த இடங்களில் கிளக்கன்; மாதகல் பக்கத் தெளிநீரில் பாரை, சீலா, முரல். புதிதாகப் பழகுபவர் கிளக்கனிலிருந்து தொடங்கினால் கை படியும். மணலை மீன் தூண்டிலில் அருமையாகவே அகப்படும். ஆனால் அது துள்ளும் இடத்தைக் கண்டால் கீழே துரத்துவது யார் என்று வள்ளக்காரர் பார்ப்பார்.

காற்றும் நீரும்

இப்பகுதியில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு சிறியது. பறுவத்தையும் அமாவாசையையும் அண்டிய நாட்களிலும் ஒரு மீற்றரை எட்டாது. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் ஏற்றமே பெரும் பரப்பை மூடிவிடும், ஒரு சாண் இறக்கமே வள்ளத்தைச் சேற்றில் இருத்திவிடும். பெருக்கின் முதற் பாதியில் திட்டுகளின் விளிம்பிலும், வற்றின் முதற் பாதியில் வாய்க்கால் வாய்களிலும் நிற்பது பொதுவான கணக்கு. இந்தக் கணக்கைக் காற்று குலைக்கும். விடாது வீசும் காற்று ஒரு பக்கத்து நீரை மற்றப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவதால், நாட்காட்டி பெருக்கு என்று சொல்லும் நேரத்தில் திட்டு காய்ந்து கிடக்கலாம். கடல்மட்டமே ஆண்டின் நடுப்பகுதியில் தாழ்ந்தும் மார்கழியை ஒட்டி உயர்ந்தும் இருக்கும்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். அப்போது மாதகல் கரைக்கு நிலம் மறைப்பாக இருப்பதால் அங்கே கடல் படிந்திருக்கும். பொன்னாலை, அராலிப் பக்கம் குறுஅலை எழும்பி நீர் கலங்கிவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ்: மாதகலில் அலை மோதும், கடல்நீரேரி அமைதியாகும். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்த காலைகள்தான் கண்ணால் கண்டு எறியும் மீன்பிடிக்கு உகந்தவை. ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலையில் இடி மின்னல் கட்டும். திறந்த பரவைக்கடலில் உயர நிற்பது மனிதரும் தூண்டில்கோலுமே. கருமேகம் எழுந்ததும் கரைசேர வேண்டும்.

கடற்றொழிலாளர் திசையைக் காற்றின் பெயரால் சுட்டுவது வழக்கம். வாடை வடக்கு, சோளகம் தெற்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. அமெரிக்க வழிகாட்டிகள் வள்ளத்தின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாக வைத்து, “பத்து மணியில் மீன்” என்று கூவுவார்கள். அது வள்ளம் திரும்பினால் மாறிவிடும் கணக்கு. காற்றின் பெயர் மாறாது. “கச்சான் பக்கம், இரண்டு பாகம்” என்று வள்ளக்காரர் சொன்னால், திரும்பிப் பார்த்து “எது, எங்கே?” என்று கேட்காத அளவுக்கு இந்த நான்கு சொற்களும் தூண்டிற்காரருக்குப் பழகியிருக்க வேண்டும்.

வள்ளக்காரர்

பண்டத்தரிப்புப் பகுதியில் வழிகாட்டி என்று தேடத் தேவையில்லை. தொழிலுக்குப் போகும் வள்ளக்காரரை அவர் ஓய்வாக இருக்கும் நாளில் அமர்த்துவதே முறை. இறங்குதுறையில் உள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்தால் தகுந்தவரைக் காட்டுவார்கள். எந்த இடம் யாருடைய தொழிலுக்குரியது என்பதும் சங்கத்துக்கே தெரியும். பேச்சு அண்ணை, ஐயா என்ற மரியாதையோடு தொடங்க வேண்டும். கூலியை முதல்நாளே பேசி முடிக்க வேண்டும். ஒருநாள் தொழில் விட்டு வருபவருக்கு எரிபொருட் செலவை மட்டும் கொடுப்பது அநியாயம். அன்று வலையில் வந்திருக்கக்கூடிய வருவாயும் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். மீன் படாவிட்டாலும் கூலி குறையாது.

எண்பதுகளிலிருந்து 2009 வரை இந்தக் கடல் போரின் கீழ் கிடந்தது. இடம்பெயர்வும் கடற்றடைகளும் ஒரு தலைமுறையின் தொழிலை முறித்தன. இன்று கோல் தாங்கும் முதியவர்களின் அறிவு அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த அறிவு; அதற்குரிய மதிப்பைக் கொடுத்தே ஏறவேண்டும். காரைநகரில் கடற்படைத் தளம் இருப்பதால் அதையண்டிய கடலில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதிலும் வள்ளக்காரரின் சொல்லே முடிவு. அடையாள அட்டை கையோடு இருக்கட்டும்.

கண்ணாடியிழை வள்ளத்தில் வெளியிணைப்பு இயந்திரம் இருந்தாலும், திட்டை அணுகும்போது அதை நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். காரணம் இரண்டு. இயந்திர ஒலி கேட்டால் ஆழமில்லாத நீரில் மீன் நெடுந்தூரம் விலகிவிடும். சுழலி சாதாளையின் வேரை அறுத்துக்கொண்டு போனால் அந்தத் தழும்பு ஆறப் பல ஆண்டு செல்லும். இறாலும் நண்டும் ஒட்டியும் வளர்வது அந்தப் புல்லில்தான். பிறகு கோல்தான். கோலைத் தரையில் குத்தாமல் மெல்ல ஊன்றி, உடற்பாரத்தைக் கொடுத்துத் தள்ளி, ஓசையின்றி உருவ வேண்டும். இதைப் பார்த்துக் கற்பது எளிதன்று. தூண்டிற்காரர் செய்யக்கூடியது வள்ளத்துக்குள் காலைத் தட்டாமல், பெட்டியை இழுக்காமல் நிற்பது.

களங்கட்டி வலையும் சிறகுவலையும் இக்கடலின் பழைய முறைகள். தடிகளை நட்டு வலையை வேலிபோலக் கட்டி, நீரோட்டத்தோடு வரும் மீனை உள்ளறைக்கு வழிநடத்துவார்கள். உள்ளே போனது வெளியே வரும் வழி அறியாது. அந்தத் தடிகளுக்கு இடையே வள்ளம் விடுவதோ, தூண்டில் எறிவதோ ஒருபோதும் கூடாது. உள்ளே செப்பலி புரளுவதைக் கண்ணால் கண்டாலும் அது வேறொருவரின் சோறு. கடலட்டைப் பண்ணை வேலிகளுக்கும் இதே விதி. அங்கங்கே மிதக்கும் போத்தல்கள் நண்டு வலையின் அடையாளங்கள், சுற்றிப்போக வேண்டும்.

கருவியும் எறிதலும்

ஆறரை முதல் ஏழடித் தூண்டில்கோல், நடுத்தர ரீல் போதும். பிரதான நூல் எதுவாயினும் நுனியில் ஒரு மீற்றர் தடித்த தங்கூசி கட்டாயம். செப்பலியின் பல்லுக்கும் கொடுவாவின் செவுளுக்கும் அது வேண்டும். முனை உள்நோக்கி வளைந்த முள் மீனின் வாயோரத்தில் தைக்கும், தொண்டைக்குள் போகாது. விட்டுவிட எண்ணும் மீனுக்கு இதைவிடச் சிறந்த முள் இல்லை. இரைக்கு உயிர் இறாலே முதன்மை. கணவாய்த் துண்டு முள்ளில் நெடுநேரம் நிற்கும். ஈயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கனத்த ஈயம் விழும் ஒலியே மீனைக் கலைக்கும்.

இவற்றைவிட முக்கியமானது கண்ணாடி. நீரின் மினுக்கத்தை வெட்டும் பொலரைஸ்ட் கண்ணாடி அணியாதவருக்குப் பரவைக்கடல் வெறும் வெள்ளித் தகடு. அகன்ற தொப்பியோடு, வெயில் முதுகுப்புறம் இருக்க நின்று பார்த்தால் அடி தெரியும். மீனை மீனாகத் தேடக்கூடாது. நிழல், நகரும் கருமை, சாதாளைக்கு இடையில் திடீரென எழும் சேற்றுப் புகை, அலையில்லா நீரில் ஓடும் கீற்று ஆகியவற்றைத் தேட வேண்டும். திருக்கை மணலைக் கிளறிப் போகும்போது அதன் பின்னால் மீன்கள் தொடர்வதுண்டு. பூநாரை மேயும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு என்பது அதன் காலிலேயே தெரியும். அங்கே வள்ளம் போகாது, போகவும் கூடாது.

கண்ட மீனின் தலைமேல் இரையைப் போடுவது பொதுவான பிழை. அது போகும் வழியில் ஒன்றரை, இரண்டு மீற்றர் முன்னால் விழவிட்டு, மீன் கிட்டியதும் சற்று அசைத்தால் போதும். பன்னிரண்டு மீற்றர் தூரத்தைச் சரியாக எறியத் தெரிந்தவர் முப்பது மீற்றர் எறிபவரைவிட அதிகம் பிடிப்பார். மதகடியில் முறை மாறும்: ஓட்டத்தின் மேற்புறம் எறிந்து, இரை தானாக அடித்துவரப்பட்டு நிழலுக்குள் நுழைய விட வேண்டும்.

விட்டுவிடும் மீனைக் காய்ந்த கையால் தொடக்கூடாது. நனைந்த கையால் நீரிலேயே பிடித்து முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கித் தலைவைத்துத் தாங்கினால், தானாக வால் வீசிப் போகும். ஆமை மாட்டினால் முள்ளுக்கு நெருக்கமாகத் தங்கூசியை வெட்டிவிட வேண்டும். ஆமை சட்டத்தாற் காக்கப்பட்டது. வெடிவைப்பதையும் நஞ்சிடுவதையும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் தடைசெய்கிறது. அறுந்த தங்கூசித் துண்டை நீரில் விடாமல் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

இடர்கள்

இறங்கி நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். மிதித்தால் வாலடி முள் கணுக்காலில் ஏறும். ஒட்டி, ஓராவின் முதுகு, வயிற்று முட்களிலும் கெளிற்றின் முட்களிலும் நஞ்சுண்டு. குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், குத்திய இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணிவரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும்; முள் உள்ளே முறிந்திருந்தால், அல்லது வீக்கம் ஏறினால், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெந்நீர்ப் போத்தல் ஒன்றை வள்ளத்தில் கொண்டுபோவது இதற்காகவே. பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் போகாது. தூண்டிலில் வந்தால் கழற்றி நீரில் விடுவதே வழி. கடற்பாம்பு மாட்டினால் கையால் தொடாமல் தங்கூசியை வெட்ட வேண்டும். சேற்றில் கால் புதைந்தால் இழுத்துப் பிடுங்கப் பார்க்காமல், வள்ளத்தின் விளிம்பையோ கோலையோ பற்றிச் சாய்ந்து மெல்ல எடுக்க வேண்டும். தனியே இறங்குவது எந்நிலையிலும் தகாது.

பிடித்த மீன்

வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, ஐசில் மூடினால் தசை இறுக்கமாக இருக்கும். வெயிலில் வள்ளத்தடியில் கிடந்து செத்த விளைமீனின் சுவை கறியிலேயே தெரியும். பங்கு பிரிப்பதில் முதல் உரிமை வள்ளக்காரருக்கு. வீட்டுச் சமையலுக்கு ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மிகுதியை அவரிடம் விட்டுவிடுவது வழக்கமாக வேண்டும். செப்பலி குழம்புக்கு நன்று; தலையை எறியக்கூடாது. சிறிய ஒட்டி, திரளி, நண்டு, இறால் கலந்து கிடைத்தால் ஒடியற் கூழுக்கு அதைவிட வேறெதுவும் வேண்டாம்.